நோர்வூட்டிலிருந்து மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் சுகம். மழைக்கு அப்பாவின் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, வேறு ஒன்றுமில்லை. போன் எடுத்தால் நீ அவசரமாக வைத்துவிடுகிறாய். அதனால் கொழும்புக்கு வரும் சித்தப்பாவிடம் மரக்கறியோடு இதையும் கொடுத்து விடுகிறேன்.

உரப்பையில் லீக்ஸ், போஞ்சி, நோக்கோல் இருக்கிறது. எல்லாம் வீட்டுத் தோட்டத்தில் மாட்டெரு போட்டு வந்தது. லீக்ஸை வேரோடு பிடுங்கி வைத்திருக்கிறேன். சமைக்கும்போது வேர்ப்பக்கம் இரண்டு விரல் அகலம் விட்டு வெட்டி, பழைய டின்னில் மண் போட்டு ஊன்று. நடுவிலிருந்து திரும்பத் துளிர்க்கும். தோலையும் தண்டையும் ஷொப்பிங் பேக்கில் கட்டி வெளியே வைக்காதே. ஒரு வாளியில் மண்ணும் காய்ந்த இலையும் மாறி மாறிப் போட்டு மூடி வைத்தால் எருவாகிவிடும். 2017 புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 30 பேருக்கு மேல் செத்தார்களே, அது வீடு வீடாகக் கட்டி வெளியே வைத்த குப்பைதான்.

இங்கேயும் ஆட்கள் சோறு கட்டும் லன்ச் சீட்டை ஆற்றில்தான் வீசுகிறார்கள். பார்த்தால் எனக்கு உன் ஞாபகம்தான் வரும். நம் கெஹெல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுந்து, அப்புறம் களனி கங்கையாகி, அம்பத்தலையில் சுத்தமாகித்தானே கொழும்புக் குழாயில் வருகிறது. என் பேரன் குடிக்கிற தண்ணீர் அது. நான் பார்த்தால் ஏசிவிட்டுத்தான் வருகிறேன்.

சின்னவனின் பிறந்தநாள் போட்டோ பார்த்தேன். பிள்ளை நன்றாக வளர்ந்துவிட்டான். பின்னால் சுவர் அளவுக்கு ஒரு டீவி. போன வருடம் பிரிட்ஜ், அதற்குப் பிறகு சோபா, இப்போது இது. தவணையில் எதையும் எடுக்காதே புள்ள. முற்பணம் வேண்டாம் என்றுதான் கடைக்காரன் சொல்வான். மாதா மாதம் கட்டுவதைக் கூட்டிப் பார், விலையை விட எவ்வளவு கூட என்று தெரியும். நம் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளில் முதன் முதலாக ஏ.எல். பாஸ் பண்ணியவள் நீ. கணக்கை உனக்கு நானா சொல்லித்தர வேண்டும்?

10க்கு 12 அடிக் காம்பராவில் உங்கள் மூன்று பேரையும் வளர்த்தோம். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வைக்க இடமும் இல்லை, வாங்கக் காசும் இல்லை. உனக்கு அந்த நிலைமை வரக்கூடாது என்றுதான் மழையிலும் மலைக்குப் போய்க் கொழுந்து பறித்தேன். நல்ல சாமானாக ஒன்று வாங்கு, அது உடையும் வரைக்கும் வைத்திரு. அவ்வளவுதான் கேட்கிறேன். சின்னவனுக்குச் சைக்கிள் வாங்க வேண்டாம், அண்ணன் மகனுடையது சும்மா கிடக்கிறது. செயின் மாற்றி அனுப்பச் சொல்கிறேன். உடுப்பும் அப்படித்தான், பெரியவளுடையதை வெட்டித் தைத்துக் கொடுக்கலாம். தவணையில் மட்டும் எடுக்காதே.

போட்டோவில் நீ கழுத்தைச் சுற்றித் துப்பட்டா போட்டிருந்தாய். கொழும்பு வெயிலுக்கு அப்படிப் போடமாட்டாயே. அப்பா தன் ஈ.பி.எப். சேமலாப நிதிக் காசில் செய்து போட்ட சங்கிலியைத் தேருக்குப் போட்டுக்கொண்டு வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வேண்டாம். போன வருடமும் நீ தேருக்கு வரவில்லை. இந்த முறை எப்படி வந்தாலும் சரி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. யாராவது கழுத்தைப் பார்த்துக் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையிடம் ஒன்றும் கேட்காதே, சண்டை வேண்டாம். அவரும் உழைக்கிறவர்தான். அடுத்த மாதம் எனக்குச் சீட்டு விழுகிறது. கூரைக்குத் தகரம் போடலாம் என்றிருந்தோம், அது இன்னொரு மழை தாங்கும். அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவருக்கும் சம்மதம். அந்தக் காசை நீ எடுத்துக்கொள். எதற்கு என்று எழுத வேண்டாம். பேங்க் புத்தக நம்பரை மட்டும் சித்தப்பாவிடம் எழுதிக் கொடுத்து விடு.

அம்மா