‘சேதாரம் இல்லை’ என்ற பலகை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. மீனாவுக்குத் தை மாதம் முகூர்த்தம் குறித்துவிட்டீர்கள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஆனால் ‘சேதாரம் இல்லை’ என்று பலகை வைத்த கடையிலேயே பதினைந்து பவுனையும் எடுத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபின் பதிலைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

சேதாரம் என்பது ஒரு காலத்தில் உண்மையாகவே அராவும்போதும் உருக்கும்போதும் போகிற தங்கம். பட்டறையில் அந்த அரப்பொடியைக் கூட்டி எடுத்து மறுபடி உருக்கிவிடுவார்கள். இன்றைக்குப் பில்லில் வருகிற சதவீதத்தில் கூலி, கடையின் லாபம், வாடகை எல்லாம் அடக்கம். அதை எந்தக் கடையும் விட்டுக்கொடுக்க முடியாது, பெயரை மட்டும் மாற்றலாம். கணக்குக்காகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள். 5 பவுன் ஆரம், அதாவது 40 கிராம், 4,00,000 ரூபாய். ஒரு கடை 14 சதவீதம் சேதாரம் என்கிறது: 56,000. பக்கத்துக் கடை சேதாரமே இல்லை, கிராமுக்கு 1,400 ரூபாய் செய்கூலி மட்டும்தான் என்கிறது: அதுவும் 56,000. இரண்டிலும் 3 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 4,69,680 ரூபாய்தான் வரும். ஆகவே சேதாரம் எத்தனை சதவீதம் என்று கேட்காதே. ‘இந்த நகைக்கு வரியெல்லாம் சேர்த்துக் கையிலிருந்து எவ்வளவு, அதில் தங்கத்தின் விலை மட்டும் எவ்வளவு’ என்று கேள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நிகர எடையால், அதாவது கல் நீங்கிய தங்கத்தின் எடையால், வகுத்துப் பார். மூன்று கடைகளை ஒப்பிட அந்த ஒரு எண் போதும்.

‘கிராமுக்கு 100 ரூபாய் தள்ளுபடி’ என்று அட்சய திருதியைக்குப் பெரிய எழுத்தில் வருமே, அதையும் இந்தக் கணக்கில் போட்டுப் பார். 40 கிராமுக்கு 4,000 ரூபாய். அதே நகையில் சேதாரம் ஒரே ஒரு சதவீதம் கூடினால் அந்த 4,000 போய்விடும்.

இதைவிடப் பெரிய ஓட்டை கல் எடை. ஆரத்தில் 3 கிராம் கல்லும் அரக்கும் இருந்து, மொத்த எடைக்கே தங்க விலை போட்டுவிட்டால் 30,000 ரூபாய், அதன் மேல் சேதாரம் 4,200, இரண்டுக்கும் வரி 1,026. ஆக 35,226 ரூபாயைக் கண்ணாடிக் கல்லுக்கும் அரக்குக்கும் கொடுத்தவன் ஆவாய். திருப்பி விற்கும் நாளில் அதே கடை கல்லைக் கழித்துவிட்டுத்தான் தராசில் வைக்கும். பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். கல்லுக்கு விலை உண்டென்றால் அது தனி வரியில் வரட்டும். எடை போடும்போது டேகையும் நூலையும் கழற்றச் சொல். வைர நகை எடுத்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் 18 காரட், முத்திரையில் 750 என்று இருக்கும், அதாவது ஆயிரத்தில் 750 பங்கு தங்கம். 22 காரட்டுக்கு அது 916. 22 காரட் கிராம் 10,000 என்றால் 18 காரட் ஏறக்குறைய 8,180தான். பலகையில் எழுதியிருக்கும் 22 காரட் விலையை அதற்குப் போட விடாதே.

ஹால்மார்க் என்ற தர முத்திரை விஷயத்தில் ‘916 நகைதான் சார்’ என்ற வாய்வார்த்தையோடு நின்றுவிடாதே. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முத்திரை, 22K916 என்ற தரக்குறி, எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இலக்கத்தில் ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் எச்.யூ.ஐ.டி. என்ற அடையாள எண். இந்த மூன்றும் நகையில் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அந்த ஆறு இலக்கம் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடையில் விற்கக் கூடாது. (2 கிராமுக்குக் குறைந்தவற்றுக்கும் குந்தன், போல்கி வகைக் கல் நகைகளுக்கும் விலக்கு உண்டு.) கடையிலேயே லென்ஸ் கேட்டு வாங்கி எண்ணைப் படித்து, ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டுப் பார். தரம் சரியாக இருக்கிறதே என்று உடனே மூடிவிடாதே, நகையின் வகையையும் பார். கையில் ஆரம் இருக்க, செயலி மோதிரம் என்று காட்டினால், வேறொரு நகையின் எண்ணை இதில் பொறித்திருக்கிறார்கள். தரம் குறைந்தது பின்னால் தெரிந்தால், குறைந்த தரத்துக்கு உரிய தொகையைப்போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் கடை தர வேண்டும் என்று 2018 பி.ஐ.எஸ். விதிகள் சொல்கின்றன. அதைக் கேட்கப் பில் வேண்டும். வரி பில் இல்லாமல் வெறும் ‘எஸ்டிமேட்’ சீட்டில் வாங்கினால் 3 சதவீதம் மிச்சம் என்று காதோரம் சொல்வார்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பாய்?

அம்மாவின் பழைய நகைகளை மாற்றப் போவதாகவும் எழுதியிருந்தாய். அதில் கே.டி.எம். என்று பொறித்திருந்தால் அது தரச் சான்று இல்லை, காட்மியம் கலந்த பொடி வைத்துப் பற்றவைத்தது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். தரம் பார்க்கும் எக்ஸ்ரே மெஷின் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். பற்று வைத்த இடத்தில் வைத்தால் குறைத்துக் காட்டும். உன் கண்முன்னே உருக்கி, கட்டியைச் சோதிக்கச் சொல். 20 கிராம் கட்டி 88 சதவீதம் என்று வந்தால், 916 கணக்கில் அது 19.21 கிராம். அதோடு கழிவு முடிந்துவிட்டது. அதற்கு மேல் ‘உருக்குச் சேதாரம் 3 சதவீதம்’ என்று எடுத்தால் ஒரே குறைக்கு இருமுறை கழிக்கிறார்கள் என்று அர்த்தம். புது நகையின் முழு மதிப்புக்கும் ஜி.எஸ்.டி. போடுவதில் மட்டும் கடை மீது தவறில்லை, சட்டமே அப்படித்தான்.

நகைச் சீட்டு 11 மாதத்தில் முடிவது ஏன் என்று கேட்டிருந்தாயே? பொருளுக்கு முன்பணம் வாங்கும் கம்பெனி 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிட வேண்டும், தாண்டினால் அது வைப்புத்தொகை ஆகிவிடும். அதனால்தான் அந்தக் கணக்கு. சேருவதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்: கட்டும் பணம் அன்றன்றைய விலையில் கிராமாக வரவாகிறதா, பணமாகவே கிடக்கிறதா? பணமாகவே கிடந்தால், விலை ஏறும் வருடத்தில் அவர்கள் தரும் ‘ஒரு மாத போனஸ்’ ஏற்றத்தை ஈடுகட்டாது. கடை மூடிவிட்டால் பொருளாதாரக் குற்றப் பிரிவில் 1997 முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி புகார் கொடுக்கலாம். பணம் திரும்பி வர வருடங்கள் ஆகும். முகூர்த்தத்துக்கு நாள் குறித்துவிட்டபின் சீட்டில் போடாதே.

கடைக்குப் போகும் நாளில் தங்கச்சியையும் மீனாவையும் மாதிரி பார்க்க விட்டுவிட்டு, நீ தராசுப் பக்கம் நில். பணம் கட்டுவதற்கு முன் கணக்குச் சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பு, பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
கதிரேசன்