வீட்டுக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

"தினமும் 15 நிமிடம் போதும், வீடு எப்போதும் பளிச்சென்று இருக்கும்" என்று எழுதுகிற எல்லோருக்குமான மடல் இது. பெரும்பாலும் "இல்லத்தரசிகளே" என்று தொடங்குவீர்கள். நான் இல்லத்தரசி இல்லை. காலையில் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிற ஆண். மனைவி வேலை நிமித்தமாக 4 மாதம் வெளியூரில் இருக்க நேர்ந்தபோது, பிள்ளையும் நானும் வீடுமாக மூன்று பேர் மிஞ்சினோம். மூவரில் அதிகம் அடம்பிடித்தது வீடுதான். அப்போதுதான் உங்கள் குறிப்புகளைத் தேடித் தேடிப் படித்தேன்.

முதலில் நன்றி. விடுமுறை வரட்டும், ஒரேயடியாகச் செய்துவிடலாம் என்று தள்ளிப்போட்டே பழகியவன் நான். விடுமுறை வரும், கூடவே அசதியும் வரும். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் சமாளிக்கலாம் என்று கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். ஆனால் உங்கள் நிமிடக் கணக்கு இடிக்கிறது.

அடுப்பைத் துடைக்க 5 நிமிடம் என்கிறீர்கள். ஒருநாள் கைபேசியில் டைமர் வைத்தே பார்த்துவிட்டேன். துடைத்தது என்னவோ 4 நிமிடம்தான். ஆனால் துணி பின்பக்கக் கொடியில் இருந்தது, சோப்புத் தண்ணீர் பாட்டில் குளியலறையில் இருந்தது. அடுப்பைச் சுற்றி இருந்ததையெல்லாம் நகர்த்தி, துடைத்து, திரும்ப வைத்து, துணியை அலசிப் போட்டு நிமிர்ந்தபோது 13 நிமிடம் ஆகியிருந்தது. ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரின் புதிய குடியிருப்புகளுக்குச் சமையலறை வடிவமைத்தபோது, வேலைக்கு ஆகும் நேரத்தோடு அதற்கு நடக்க வேண்டிய நடையையும் கணக்கில் வைத்துத்தான் எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். நீங்கள் நடையை விட்டுவிட்டீர்கள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு துணி, குளியலறைக்குள் ஒரு பிரஷ், இரண்டு இடத்திலும் ஒரு சின்ன பாட்டில் என்று வைத்த பிறகுதான் என் 5 நிமிடம் உண்மையிலேயே 5 நிமிடம் ஆனது.

அப்புறம், பாதியில் விடக்கூடிய வேலை எது, விடக்கூடாத வேலை எது என்று பிரித்துச் சொல்லவே மாட்டேன் என்கிறீர்கள். துணி மடிப்பதைப் பாதியில் நிறுத்தினால் மடித்தது மடித்ததுதான், நஷ்டம் இல்லை. அலமாரி அப்படியா? "எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கட்டிலில் கொட்டுங்கள், தேவையில்லாததைப் பிரியுங்கள்" என்று ஒரு குறிப்பு. கொட்டினேன். சரியாக அந்த நேரம் பார்த்து அலுவலகத்திலிருந்து அழைப்பு, அப்புறம் பிள்ளையின் வீட்டுப்பாடம். அன்று இரவு துணிமலையை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கட்டிலின் விளிம்பில் படுத்தோம். இப்போது ஒருமுறைக்கு ஒரு தட்டு மட்டும்தான் திறப்பது. மீதி அலமாரி இன்னும் கலைந்துதான் கிடக்கிறது, கிடக்கட்டும். தூசி காத்திருக்கும், ஈரம் காத்திருக்காது. துவைத்த துணியை மெஷினிலேயே மறந்துவிட்டால் நாறும், மறுபடி துவைக்க வேண்டியதுதான். நேரம் குறைவான நாளில் ஈரமானதைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறேன்.

சின்னச் சின்ன வேலையின் உண்மையான லாபம் ஊறவைப்பதில் இருக்கிறது. குழாயில் படியும் வெள்ளை உப்புக்கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலத்தில் கரையும், ஆனால் உடனே கரையாது. வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடலாம். (பளிங்குக் கல்லில் மட்டும் வேண்டாம், கல்லையே அரிக்கும்.) கிருமிநாசினியும் அப்படித்தான். தெளித்த உடனே துடைத்தால் பாதி வீண். பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை தரை ஈரமாகவே இருக்க வேண்டும். என் கை ஒரு நிமிடம்தான் வேலை செய்கிறது, மீதியைக் காலம் பார்த்துக்கொள்கிறது.

இந்த இடத்தில் ஒரு புகார். சோடா உப்பையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டச் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பொங்கி வருவது வெறும் கரியமில வாயு. ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டும் ஒன்றை ஒன்று தீர்த்துவிட்ட பிறகு மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். இதிலாவது ஆபத்து இல்லை. பிளீச்சோடு வினிகரோ அமில கிளீனரோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியா சேர்ந்தால் குளோரமைன் வரும். இரண்டும் நுரையீரலைப் பதம் பார்ப்பவை. "சீக்கிரம், சீக்கிரம்" என்று எழுதுகிறீர்கள் அல்லவா, அந்த அவசரத்தில்தான் ஒருவர் கதவு சாத்திய குளியலறைக்குள் இரண்டு பாட்டிலையும் ஒன்றாக ஊற்றுவார். எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

கடைசியாக அந்த "இல்லத்தரசிகளே". சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் உலகில் பெண்கள் சராசரியாக நாளுக்கு 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 1 மணி 23 நிமிடம் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018-இல் கணக்குக் கொடுத்தது. இடையில் 3 மணி 2 நிமிடம். அதைப் 15 நிமிடத் துண்டுகளாக நறுக்கி அதே பெண்ணின் கையில் திருப்பிக் கொடுப்பதற்குக் குறிப்பு எதற்கு? அந்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையும் 2 மீட்டர் அகலம்கூட இல்லை, ஒருவர்தான் நின்று வேலை செய்ய முடியும். அந்த ஒருவர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

மற்றவர்களைச் சொல்வானேன். "நான் என்ன செய்யட்டும்?" என்று மனைவியிடம் கேட்டு, சொன்னதைச் செய்துவிட்டு, பெரிய உதவி செய்ததாக நினைத்திருந்தவன் நான். அந்தக் கேள்விக்குப் பதில் யோசிப்பதும் அவள் தலையில்தான் விழுந்திருந்தது என்பது அவள் இல்லாத 4 மாதத்தில்தான் உறைத்தது. அவள் திரும்பி வந்த பிறகு சிங்க்கை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பாத்திரம், ஸ்க்ரப்பர், அடைத்துக்கொள்ளும் வடிகட்டி எல்லாம் என்னுடையது. சோப்பு தீரப்போகிறது என்பதும் இப்போது எனக்குத்தான் முதலில் தெரிகிறது.

அடுத்த குறிப்பை "வீட்டில் இருப்பவர்களே" என்று தொடங்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்களில் ஒருவன்