காவலுக்கு ஆகும் செலவு

செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்க ஆள் இல்லை என்கிறாய். இங்கே கொலுசுப் பட்டறைகளிலும் அதே புலம்பல்தான். அண்ணியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். பெரிய அதிகாரிகளைக் கண்காணிக்க இன்னும் பணம் கொட்டுவது தண்டச்செலவு என்கிறாய். உனக்குக் கோபம் வர நியாயம் உண்டு. மேல்மட்ட ஊழல் புகார்களை விசாரிக்கும் மத்திய அமைப்பான லோக்பாலுக்கு, 2013இல் சட்டம் நிறைவேறியும் தலைவரைப் போட 2019 ஆகிவிட்டது. போட்ட கையோடு டெல்லி அசோகா ஓட்டலில் ஆபீஸ், மாதம் சுமார் 50 லட்சம் வாடகை! இதை நினைத்தால் எனக்கும் எரிச்சல்தான்.

ஆனால் லஞ்ச ஒழிப்புத் துறை பிடித்ததாகப் பேப்பரில் யார் யார் பெயர் வருகிறது, பார். ரசாயனம் தடவிய நோட்டை வாங்கிய வி.ஏ.ஓ., இல்லாவிட்டால் சர்வேயர். விரலைக் கரைசலில் முக்கினால் இளஞ்சிவப்பாகிவிடும், ஆள் மாட்டிக்கொள்வார். இதற்கு அதிகச் செலவில்லை. பெரிய அதிகாரி நோட்டைத் தொடவே மாட்டார். டெண்டர் நிபந்தனையில் ஒரு வரியை மாற்றுவார், அவ்வளவுதான். அந்த வரியைக் கண்டுபிடிக்க இன்ஜினியர் வேண்டும், பேங்க் கணக்கைத் துருவத் தெரிந்தவர் வேண்டும். பணம் போக வேண்டியது அவர்கள் சம்பளத்துக்கு.

சின்ன ஆள் மாட்ட, பெரிய ஆள் தப்பிப்பதற்குச் சட்டமும் ஒத்து ஊதுகிறது. மத்திய அரசின் இணைச் செயலாளரையோ அவருக்கு மேலுள்ளவரையோ விசாரிக்க சி.பி.ஐ. அரசிடம் முன்அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியை 2014இல் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 17ஏ என்ற பிரிவாக, வேறு உருவில் அது திரும்பி வந்தது. பதவியில் எடுத்த முடிவை விசாரிக்க அரசின் அனுமதி வேண்டும்; லஞ்சம் வாங்கும்போதே பிடிபட்டால் வேண்டாம். எழுத்தில் எல்லாருக்கும் பொதுதான். ஆனால் முடிவெடுப்பவர் யார், கையில் நோட்டோடு நிற்பவர் யார்?

இந்த அனுமதி விதி இல்லாவிட்டால் நேர்மையானவர்கூட கையெழுத்துப் போடப் பயப்படுவார், ஃபைல் நகராது என்பார்கள். அது நிஜமான நஷ்டம், மறுக்கவில்லை. அதற்காக, விசாரிக்கலாமா கூடாதா என்று அரசே முடிவு செய்வதா? மாநிலத்தில் ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக் ஆயுக்தா மாதிரி, வெளியில் இருக்கும் ஓர் அமைப்பு சொல்லட்டுமே.

நீ ஆடிட்டில் இருந்தவன். ஒரு பெரிய டெண்டர் ஃபைலை அடிமுதல் நுனிவரை பார்க்க எத்தனை பேர், எத்தனை மாதம் ஆகும்? கணக்குப் போட்டு எழுது. அப்புறம் தண்டச்செலவா என்று சண்டை போடுவோம்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்