சிவப்புப் பச்சையரிசி

அன்புள்ள மகளுக்கு,

நேற்று இரவு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின அரிசிப் பையின் படத்தைப் பார்த்தேன். 'சிவப்புப் பச்சையரிசி' என்ற எழுத்தைச் சுற்றி வட்டம் போட்டு, "சிவப்பா பச்சையா, ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கோ அப்பா" என்று கேட்டிருந்தாய். மருமகன் அச்சுப்பிழை என்கிறாராம். பிழை இல்லை, பிள்ளை. கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் 26 வருசம் அந்தச் சொல்லைப் பேரேட்டில் எழுதின கை இது. ரொறன்ரோவில் ஒரு பையில் அதைக் கண்டதும் பழைய சிநேகிதனைக் கண்ட மாதிரி இருந்தது.

சிவப்பு, தவிட்டின் நிறம். பச்சைக்கு அங்கே நிறமே கிடையாது. புழுங்கல் என்றால் நெல்லை ஊறப்போட்டு, உமியோடே அவித்து, காயவைத்துக் குத்துவது. அந்த நெருப்பைக் காணாத நெல்லைக் குத்தினால் பச்சை. அவ்வளவுதான்.

கடைக்கு வரும் சிங்கள முதலாளிமார் அதையே 'ரத்து கெக்குளு' என்பார்கள். கெக்குளு என்றால் மொட்டு, முற்றாதது. மிளகாய்க்கு வந்தால் அவர்களுக்கு வேறு சொல்: 'அமு மிரிஸ்'. அமு என்றால் வேகாதது, சமைக்காதது. நாங்கள் மட்டும்தான் மிளகாயை நிறத்தால் கூப்பிடுகிறோம் என்று கனகாலம் நினைத்திருந்தேன். பிறகு ஒருநாள் செத்தல் மூடைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் மூளையில் பட்டது. காய்ந்தது செத்தல் என்றால், பச்சை என்பது உயிரோடு இருக்கிறது! மிளகாயிலும் நாங்கள் நிறத்தைப் பார்க்கவில்லை. இதை அன்றைக்கே மூடை தூக்கும் நாட்டாமி ஒருவருக்குச் சொன்னேன். அவர் முதுகில் மூடையோடு நின்று, "ஐயா, முதல்ல கணக்கை எழுதுங்க" என்றார்.

நாட்டாமிமாரிடம் நான் கற்ற இன்னொரு பச்சையை உனக்கு எழுத முடியாது. கயிறு அறுந்து மூடை காலில் விழுந்தால் வாயில் வருமே, அதற்குப் பெயர் பச்சைத் தூஷணம். நிறையில் களவெடுப்பவன் பச்சைக் கள்ளன். மேலே ஒரு துணியும் போர்த்தாமல் நிற்பதெல்லாம் பச்சைதான். தமிழ்நாட்டில் பெரியார் காமராசரைப் பச்சைத் தமிழர் என்று சொன்னபோது, அந்தக் கறுத்த மனிதரிடம் ஒருத்தரும் பச்சையைத் தேடவில்லை.

உன் அம்மம்மாவின் பச்சைகள் வேறு. கந்தசஷ்டிக்குப் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்குப் போய்வந்து, "பச்சைத்தண்ணி பல்லிலை படேல்லை" என்று சொல்லும்போது அவவின் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். நீ பிறந்து வீட்டுக்கு வந்த கிழமை அம்மாவை யன்னல் பக்கமே விடவில்லை. பச்சை உடம்பாம், காற்றுப் பிடிக்குமாம். வெள்ளவத்தையில் கடற்கரைக்குக் கிட்ட வீட்டை எடுத்துவிட்டு யன்னலைப் பூட்டிவைத்த ஆட்கள் நாங்கள்தான். சரக்கரைத்த கறி மணத்தில் வீடு முழுக்க வெந்துகொண்டிருந்தது. நீ நடுவில் பச்சைமண்ணாய்க் கிடந்தாய், உண்மையில் நல்ல ரோசா நிறம்.

நிறமாகவே நிற்கும் பச்சையும் இங்கே உண்டு. தேர்தல் வந்தால் 'அவர் பச்சை' என்பார்கள், யானைக் கட்சி, அதாவது ஐக்கிய தேசியக் கட்சி என்று குழந்தைக்கும் விளங்கும். தேசியக் கொடியில் பச்சைப் பட்டி முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் எங்களுக்கு. இதில் அதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியாக ஒன்று. போன மாதம் உனக்கு ஒரு பச்சைப் பொய் சொன்னேன். போன் கமெரா பழுதாகவில்லை. வலது கண்ணில் புரை எடுத்தார்கள், கட்டோடு இருந்த முகத்தை உனக்குக் காட்ட விருப்பமில்லை. நீ உடனே டிக்கெட் பார்ப்பாய் என்று தெரியும். ஒரு வில்லங்கமும் இல்லை, அன்றைக்குப் பின்னேரமே வீட்டுக்கு விட்டார்கள். தாதி சொன்ன ஒரே கட்டளை, "ரெண்டு கிழமைக்குக் கண்ணில பச்சைத்தண்ணி படக்கூடாது." அம்மம்மா இருந்திருந்தால் விரதம் என்றே கணக்கு வைத்திருப்பா.

கட்டு அவிழ்த்த அன்று குசினிச் சுவரைப் பார்த்துத் திகைத்துப்போனேன். மஞ்சளாகிவிட்டது, பெயின்ற் அடிக்கவேணும் என்று இரண்டு வருசமாக அம்மாவோடு சண்டை பிடித்த சுவர். வலது கண்ணால் பார்த்தால் பால் வெள்ளை. இடது கண்ணால் பார்த்தால் நெய் பூசினது போல. கண்ணுக்குள் இருந்த வில்லைதான் மஞ்சளாகி இருந்திருக்கிறது, சுவர் பாவம். பிறகு பல்கனிக்குப் போய்க் கறிவேப்பிலைச் சாடியின் முன்னால் நின்று ஒவ்வொரு கண்ணாய் மூடித் திறந்தேன். வலதில் நீலம் ஓடின குளிர்ந்த பச்சை, இடதில் பழுக்கப்போகிற பச்சை. ஒரே கொப்பு, ஒரே இலை. அம்மா பின்னால் வந்து நின்றா. "இதில எது உண்மையான பச்சை?" என்று கேட்டேன்.

"பிள்ளைக்குச் சொன்ன பொய்தான்" என்றுவிட்டு உள்ளே போய்விட்டா. அதையும் மனதில் வைத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். இடது கண் தீபாவளிக்குப் பிறகு. இந்தமுறை திகதி உனக்கு முதலே சொல்லப்படும், டிக்கெட் மட்டும் பார்க்காதே.

அந்த அரிசியைக் கல் பார்த்து, இரண்டு தரம் களைந்து போடு. பச்சை என்றபடியால் குழையும், புழுங்கல் போல உதிரியாய் வராது, அதற்காக அரிசியைக் குறை சொல்லாதே. முதல் தரம் பால்சோறாகவே செய்துவிடு. தேங்காய்ப்பாலைக் கடைசியில் விடு, கட்டச் சம்பலுக்குச் செத்தல் இடித்துப் போடு. சனிக்கிழமை கமெராவைப் போடுகிறேன், தட்டைக் காட்டு.

அப்பா
வெள்ளவத்தை