196 எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது சாயங்காலத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி, கணக்கு நோட்டின் உள் அட்டையில் சிவப்பு மையால் 196 என்று எழுதி வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டிய கட் ஆஃப் மதிப்பெண்ணாம். "என்னம்மா படிக்கப் போறே?" என்று கேட்டேன். "அந்த மார்க்குக்கு எது கிடைக்குதோ அது, சார்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். பொறியியல் கலந்தாய்வுக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. பரீட்சை 600க்கு என்றாலும் பிள்ளைகள் மனசில் நிற்பது இந்த 200தான். தமிழ்ப் புத்தகத்தை ஏன் தொடவே இல்லை என்றால், "அது கட் ஆஃப்ல வராதே சார்" என்கிறார்கள். மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017இல் அரசு நிறுத்தியது நல்ல காரியம். ஆனால் சித்தப்பா பையன் எவ்வளவு, எதிர்வீட்டுப் பெண் எவ்வளவு என்று வீடுகளில் அந்தப் பட்டியல் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னொரு பையன், ஆடு வளர்க்கிற வீடு. குட்டி தீனி எடுக்காவிட்டால் என்ன செய்வது என்று பெரியவர்களே அவனைத்தான் கேட்பார்கள். மாட்டு டாக்டர் ஆக ஆசை. அதற்கும் நீட் எழுத வேண்டும் என்று யாரோ சொல்ல, நம்மால் ஆகாது என்று பதினொன்றாம் வகுப்பில் கணக்கும் கணினி அறிவியலும் எடுத்துவிட்டான். நம் மாநிலத்தில் கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்புகிறார்கள். ஆனால் உயிரியல் படித்திருக்க வேண்டும். நான் இதைச் சொன்னபோது காலாண்டுத் தேர்வே முடிந்திருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் "பரவாயில்லை சார்" என்று நோட்டைத் திறந்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நாளில் எந்த குரூப், அதாவது எந்தப் பாடப்பிரிவு என்று கேட்டதும் பிள்ளை அப்பா முகத்தைப் பார்க்கும். ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். நானும் அப்படி எத்தனையோ விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன், ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்காமல். அது இன்றைக்கு உறுத்துகிறது.

எந்த குரூப் எடுத்தால் எந்தப் படிப்புக்குப் போகலாம், எதற்குப் போகவே முடியாது என்பதைப் பத்தாம் வகுப்பு அரையாண்டு முடிந்ததுமே பிள்ளையையும் பெற்றோரையும் உட்கார வைத்துப் பள்ளியில் சொல்ல வேண்டும். தேர்வு முடிவு வந்ததும் கட் ஆஃப் பட்டியல் போடும் உங்கள் பத்திரிகை, இந்த விவரத்தையும் ஜனவரியிலேயே ஒரு பக்கம் போட்டால் எங்கள் தெருவில் நானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்