வால்தகடு பூட்டிய வள்ளக்காரர்களுக்கும், பூட்ட இருப்பவர்களுக்கும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வள்ளத்தின் பின்பக்க அடியில் நாங்கள் பூட்டும் தகட்டைப் பற்றிக் கரையில் ஒரு கதை உலாவுகிறது. இப்போது வாட்ஸ்அப்பிலும் ஏறிவிட்டது. "முழங்காவில் பட்டறையில் தகடு பூட்டாதே, வள்ளத்தைப் புரட்டிப்போடும்" என்பது அதன் சுருக்கம். என் மனைவியின் தொலைபேசிக்கே அது வந்தது. அனுப்பியவர் எஞ்சின் திருத்திய காசில் பாதியை இன்னும் தராதவர். அதை விடுவோம்.

எதிரே உள்ள இரணைதீவுக்கு ஓடுகிறவர்களுக்கு இந்தக் கடலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆழம் குறைந்த கடல். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பினால் அலை பெரிதாக வராது. குட்டையாக, நெருக்கமாக, செங்குத்தாக வரும். ஒன்றில் ஏறி இறங்குவதற்குள் அடுத்தது முன்னால் நிற்கும். எஞ்சின், மண்ணெண்ணெய்க் கலன், ஓட்டி எல்லாம் பின்பக்கமான கடையாலில் இருப்பதால் முன்பக்கமான அணியம் வானத்தைப் பார்க்கும். அலையை வெட்ட வேண்டிய கூரான அடிப்பாகம் மேலே நிற்க, தட்டையான நடுப்பாகம் போய் அறையும். இடுப்பு நோவதும் ஐஸ் பெட்டியின் மூடி பறப்பதும் அதனால்தான்.

வால்தகடு என்று நாங்கள் சொல்வது, கடையாலின் அடிவிளிம்பில் கீல் வைத்துப் பூட்டும் இரண்டு தகடுகள். வெளிநாட்டு வள்ளங்களில் ட்ரிம் டாப் என்பார்கள். பற்றரியில் இயங்குவதும் உண்டு. நம்முடைய பைபர் வள்ளங்களுக்கு சாய்வை மாற்ற மூன்று துளையும், துளையில் செருகும் ஒரு பூட்டாணியும் போதும். தகட்டைக் கீழே சாய்த்தால் ஓடும் தண்ணீர் அதில் பட்டுக் கீழ்நோக்கித் திரும்பும், கடையால் எழும்பும், அணியம் தாழும். வேகத்தைக் குறைத்தாலும் வள்ளம் அமிழாமல் நீரின்மேல் ஓடும்.

இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன். ஆனி மாதம் ஒரு 18 அடி வள்ளம் ஐந்து பேருடன் தீவுக்குப் போனது. போகும்போது எதிரலை, தகடு மூன்றாவது துளையில், நன்றாகச் சாய்ந்து இருந்தது. அது சரிதான். உடுப்பு நனையாமல் இறங்கியதாக அவர்களே சொன்னார்கள். அதை எவரும் வாட்ஸ்அப்பில் போடவில்லை. திரும்பும்போது அதே அலை பின்னால் வந்தது. பின்னலை கடையாலைத் தானாகவே தூக்கும். தகடும் சேர்ந்து தூக்கினால் அணியம் முன்னாலுள்ள அலைப்பள்ளத்தில் குத்தும். குத்திய அணியம் அச்சுப்போல நிற்க, கடையால் பக்கவாட்டில் சுழன்று வரும். வள்ளம் அலைக்குக் குறுக்கே விழுந்துவிடும். நடந்தது இதுதான். நல்லவேளை, ஓட்டி உடனே வேகத்தைக் குறைத்தார். நட்டம் ஒரு கூடை நண்டோடு போயிற்று.

பின்னலை என்றால் தகட்டை முழுதாக உயர்த்தி முதல் துளைக்குக் கொண்டுவர வேண்டும். நான் இதைச் சொல்லாமல் ஒரு வள்ளத்தையும் அனுப்பியதில்லை. மறுநாள் கரைக்குப் போய்ப் பார்த்தேன். பூட்டாணி உப்புப் படிந்து மூன்றாவது துளையில் இறுகிக் கிடந்தது. சுத்தியலால் தட்டித்தான் கழற்றினேன். பூட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூட மாற்றவில்லை. பட்டறையிலிருந்து இறங்கும்போதும் அது மூன்றாவது துளையில்தான் இருந்தது என்பது வேறு விடயம். சொன்னது சொன்னதுதான், ஆனால் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே சொன்னது எல்லோர் காதிலும் விழுந்திருக்கும் என்று சாதிக்க மாட்டேன். இனிமேல் மூன்றாவது துளையைச் சுற்றிச் சிவப்பு மை பூசித்தான் தகடு வெளியே போகும்.

மண்ணெண்ணெய் கூடக் குடிக்கிறது என்றும் ஒரு முறைப்பாடு. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிய நாளை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சொட்டும் கணக்கு என்பது எனக்கும் தெரியும். அளவாகச் சாய்த்த தகடு எண்ணெயை மிச்சப்படுத்தும். தேவையில்லாமல் சாய்த்துவிட்டு அமைதிக் கடலில் ஓடினால் அது தண்ணீரை இழுத்துக்கொண்டு வரும், குடிக்கத்தான் செய்யும்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதனால் எனக்கு வியாபாரம் குறையும். தகடு வாங்க வருமுன் எண்ணெய்க் கலனையும் ஐஸ் பெட்டியையும் இரண்டடி முன்னால் நகர்த்தி ஓடிப் பாருங்கள். எஞ்சின் எவ்வளவு சாய்ந்து நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும் சாய்வு ஆணியை, வள்ளப் பக்கமாக ஒரு துளை உள்ளே போட்டும் பாருங்கள். கிராஞ்சியில் கடலட்டைப் பண்ணைக்கு ஓடும் ஒருவரை இப்படித்தான் திருப்பி அனுப்பினேன். இன்றைக்கும் தகடு இல்லாமல் நன்றாக ஓடுகிறார். ஆட்கள் ஒரு பக்கம் கூடி உட்கார்ந்து வள்ளம் சரிகிறதென்றால் மட்டும் எஞ்சின் ஆணி உதவாது. அதற்குத் தகடுதான். எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கத் தகட்டைத் தாழ்த்த வேண்டும்.

அளவு பற்றி அடிக்கடி கேட்கிறீர்கள். வள்ளம் எத்தனை அடி நீளமோ, ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ அத்தனை அங்குல அகலம். வெளிவிளிம்பிலிருந்து 3 அல்லது 4 அங்குலம் உள்ளே பூட்டுவோம். எஞ்சினின் நடுக்கோட்டிலிருந்து 8 அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும். ஒடுக்கமான கடையாலில் இடம் பற்றாவிட்டால் தகட்டைக் குறைப்போமே தவிர நெருக்க மாட்டோம்.

தகடு 316 தரத் துருப்பிடிக்காத உருக்கு. 304 மலிவு, பார்வைக்கும் ஒன்றுதான். ஆனால் உப்புத் தண்ணீரில் சீக்கிரமே புள்ளி புள்ளியாகக் கறுக்கும். கொழும்பிலிருந்து வரும் உருக்கும் பிசினும் விலையேறிவிட்டதால் பூட்டுக்கூலி 4,500 ரூபாவிலிருந்து 6,000 ரூபா ஆகிறது. எங்களிடம் ஒட்டுவேலை செய்த தம்பியும் வைகாசியில் கட்டாருக்குப் போய்விட்டார். அவர் கைக்கு இணையான கையை நான் இன்னும் பார்க்கவில்லை. நல்லாயிருக்கட்டும். அதனால் இரண்டு நாளில் முடிந்த வேலைக்கு இனி ஐந்து நாள் தர வேண்டும்.

மாசி, பங்குனி மாதங்களில் பூட்டியவர்கள் வசதிப்படும்போது ஒருமுறை வள்ளத்தைக் காட்டிவிட்டுப் போங்கள். அப்போது கிடைத்த பசை வேறு வகை. திருகாணித் துளை வழியாக, பைபருக்குள் இருக்கும் உள்பலகைக்குத் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செலவு எங்களுடையது.

இரணைமாதாநகர், நாச்சிக்குடா, வலைப்பாடு வாடிக்கையாளர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்திருந்து 2018இல் இரணைதீவுக்குத் திரும்பிய கையோடு முதல் எஞ்சினை என்னிடம் தந்தவர்கள் நீங்கள். இந்தக் கதை கிளம்பிய வாரம், வள்ளங்கள் வைத்திருக்கும் ஒரு சம்மாட்டி ஐயா ஒன்றும் கேட்காமல் இரண்டாவது வள்ளத்தையும் கொண்டுவந்து பட்டறை வாசலில் விட்டுவிட்டுப் போனார். அன்றிரவுதான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

ஞாயிறு பட்டறை பூட்டியிருக்கும். வள்ளம் கொண்டுவருபவர்கள் பூட்டாணியைக் கழற்றாமல், கடைசியாக ஓடிய துளையிலேயே விட்டு வாருங்கள். இழுத்து ஏற்ற இரண்டு பேரையும் கூட்டி வாருங்கள். தம்பி போனபிறகு இங்கே தோள் கொடுக்க நான் ஒருவன்தான்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்
முழங்காவில்