குழாய்க்குப் பூ வைக்கிற ஊர்

யூல்கிரேவ், டார்பிஷயர்
ஜூன் கடைசி ஞாயிறு

அன்புள்ள டீச்சர்,

ரிட்டயர் ஆகி மூன்று வருஷமாச்சு, இன்னும் என்னடி டீச்சர் என்று முகத்தைச் சுளிக்காதே. எட்டாங்கிளாஸில் பெஞ்சு மேலே ஏறி நின்று எங்களுக்கெல்லாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாயே, அன்றைக்கே வைத்த பேர். இனி மாற்ற முடியாது.

உன் கடிதம் வந்து ஒரு மாசமாகிறது. பதில் போடாததற்கு என் விரல்தான் சாட்சி. பத்து நாளாக நகக்கண் எல்லாம் களிமண். சோற்றைப் பிசைந்தால்கூட மண்வாசனை அடிக்கிறது என்று இவர் புலம்புகிறார். உனக்கு முழங்கால் என்றால் எனக்கு இடுப்பு. மேஜையில் குனிந்து மூன்று நாள் பூ ஒட்டியதில் பிடித்துக்கொண்டது. எதற்குப் பூ, எதில் ஒட்டினாய் என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அதற்கு முன்னால் ஊரைப் பற்றிக் கொஞ்சம். ஷெஃபீல்டை விட்டு இங்கே வந்து ஒன்பது வருஷம் ஆகியும் ஊர்ப் பேரை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. எனக்கு மட்டுமில்லை, ஊருக்கே தெரியாது. ஒரு பலகையில் ஒரு மாதிரி இருக்கும், அடுத்த பலகையில் ஓர் எழுத்து குறையும். பழைய ஏடுகளில் அறுபதுக்கும் மேற்பட்ட விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். மொத்தம் ஆயிரம் பேர் இருக்கிற ஊர், தலைக்கு ஒரு விதமாக எழுதாமல் விட்டார்களே.

வந்த புதிதில் கடையில் ஒரு கிழவர் என்னைப் பார்த்து, "ஐ அப், மி டக்" என்றார். வாத்தே என்கிறாரே மனுஷன் என்று சுருக்கென்றது. அப்புறம்தான் தெரிந்தது, டார்பிஷயரில் ஆணோ பெண்ணோ, பாதிரியாரோ பால்காரரோ, எல்லாருமே வாத்துதான். நம் பக்கம் சின்னப் பிள்ளையைக்கூட "வா ஆத்தா" என்கிறோமே, அந்த மாதிரி. இப்போது யாராவது 'மேடம்' என்றால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

ஊர்ச் சேதி பெரிதாக இல்லை. இங்கெல்லாம் யாரும் போன் பண்ணாத சிவப்பு டெலிபோன் கூண்டுகளை ஊர்க்காரர்களே ஒரு பவுண்டுக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று 2008இல் ஒரு திட்டம் வந்தது. வாங்கிய ஊர்கள் சிலவற்றில் அதுதான் நூலகம், சிலவற்றில் தாளம் தப்பித் துடிக்கிற இதயத்தை மின்சாரம் கொடுத்துச் சீராக்குகிற பெட்டிக்குக் கூடு. பழைய நர்ஸ் என்பதால் என்னை விடுவதில்லை. சனிக்கிழமைகளில் ஊர் மன்றத்தில் ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கிக் காட்டுகிறேன். டீ, கேக் இலவசம் என்பதால் கூட்டத்துக்குக் குறைச்சலில்லை.

சரி, பூவுக்கு வருகிறேன்.

ஊர் நடுவில் வட்டமாக ஒரு கல் தொட்டி நிற்கிறது. 'ஃபவுண்டன்' என்று பேர். பேர் பெத்த பேர், தாகத்துக்குத் தண்ணீர் இல்லை என்று நம் ஊரில் சொல்வோமே, இங்கே கதை நேர்மாறு. நீரைப் பீச்சியடிக்கிற அலங்காரம் எதுவும் அதில் கிடையாது, ஆனால் இந்த ஊரின் தாகத்தைத் தீர்த்ததே அதுதான். இது சுண்ணாம்புப் பாறை பூமி. எவ்வளவு மழை பெய்தாலும் சல்லடையில் ஊற்றின மாதிரி கீழே போய்விடும். ஊர் மேட்டில், பிராட்ஃபோர்டு ஆறு பள்ளத்தில். ஆண்கள் ஈயச் சுரங்கத்துக்குப் போய்விட, பெண்கள்தான் ஆற்றில் மொண்டு அந்தச் சரிவில் சுமந்து ஏறியிருக்கிறார்கள். அந்தச் சரிவில் நான் வெறுங்கையோடு ஏறினாலே இரண்டு தரம் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்துப் பெண்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். நம் மகளிர் குழு மாதிரிதான், வாராவாரம் காசு போட்டு, நோய்க்கும் சாவுக்கும் எடுத்துக்கொள்வது. சுத்தமான தண்ணீர் ஊருக்குள் வந்தே ஆக வேண்டும் என்று முதலில் கிளம்பியவர்கள் அவர்கள்தான். மாஸ்டோன் ஊற்றிலிருந்து குழாய் இழுத்து, 1829இல் இந்தத் தொட்டியைக் கட்டினார்கள். 1500 காலன் பிடிக்கும். வீட்டுக்கு வருஷம் ஆறு பென்னி கட்டணம் என்று சொல்வார்கள். ஒன்றை யோசித்துப் பார், இந்த நாட்டில் பெண்களுக்கு ஓட்டு கிடைத்தது 1918இல், அதுவும் முப்பது வயது தாண்டியவர்களுக்கு மட்டும். அதற்கு 89 வருஷம் முன்னாலேயே இவர்கள் குழாயைக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டுக் குழாயில் வருவது ஊர்க்காரர்களே நடத்துகிற தண்ணீர்க் கம்பெனியின் தண்ணீர்தான்.

தண்ணீர் வந்த சந்தோஷத்தில் குழாயை அலங்கரித்தார்கள். அதுதான் வருஷாவருஷம் ஜூனில், யோவான் ஸ்நானகன் திருநாளான 24ஆம் தேதியை ஒட்டி, கிணற்றலங்காரமாக நடக்கிறது. டார்பிஷயரில் இந்த வழக்கம் பல ஊர்களில் உண்டு. பேர்போனது தெற்கே டிசிங்டன். அங்கே ஏசு பரலோகம் ஏறிய நாளில் ஆறு கிணறுகளுக்குச் செய்கிறார்கள். 1348இல் கொள்ளைநோய் வந்தபோது நல்ல தண்ணீரால் ஊர் தப்பித்தது என்று ஒரு கதை, 1615 வறட்சியிலும் கிணறு வற்றவில்லை என்று இன்னொரு கதை. எது நிஜம் என்று கேட்டால், கேட்கிற ஆளைப் பொறுத்துச் சொல்கிறார்கள். எனக்கு எங்கள் ஊர்க் கதைதான் பிடிக்கும். இதில் அற்புதம் எதுவும் இல்லை, இடுப்பு வலி மட்டும்தான் இருக்கிறது.

செய்கிற விதத்தைக் கேள். ஆள் உயரத்துக்கும் மேலே பெரிய மரப்பலகைகள், ஓரத்தில் சட்டம் அடித்து, உள்ளே நூற்றுக்கணக்கில் ஆணி அறைந்திருக்கும். களிமண் வழுக்கி விழாமல் பிடித்துக்கொள்ளத்தான் ஆணி. பலகையைச் சில நாள் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். காய்ந்த பலகை மண்ணின் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும் அல்லவா. பிறகு களிமண்ணில் உப்புப் போட்டு மிதிக்க வேண்டும். உப்பு ஈரத்தை விடாது. மற்றவர்கள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்க, நான் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்கினேன். "ஐயோ வாத்தே, கால் மரத்துப் போகும்" என்று ஒரு சத்தம். போனது உண்மைதான். ஆனால் குதிகாலுக்கு அடியில் கட்டி உடைகிற சுகம் பூட்ஸுக்கு எங்கே தெரியும்?

மண்ணை வழித்துச் சமமாகப் பூசின பிறகு, படம் வரைந்த பெரிய தாளை அதன் மேல் விரித்து, கோட்டின் மேலேயே ஊசியால் குத்திக்கொண்டு போவார்கள். தாளை உரித்தால் ஈரமண்ணில் புள்ளி புள்ளியாய் நிற்கும். புள்ளி வைத்துத் தொடங்குவதைப் பார்த்ததும் எனக்கு மார்கழி வந்துவிட்டது போ. புள்ளிகளின் மேல் காப்பிக்கொட்டையோ ஆற்றோரத்து மரத்தின் கறுத்த குட்டிக் காயோ பதித்துக் கோடு கட்டுவார்கள். கோட்டுக்குள்ளே பூ. முழுப்பூ இல்லை, இதழ் இதழாக. நீலத்துக்கு ஹைட்ரேஞ்சியா, பச்சைக்கு இலை, சுவருக்கும் பாறைக்கும் மரப்பாசி. எல்லாம் மண்ணில் விளைந்ததாகவே இருக்க வேண்டும். போன வருஷம் ஒருவர் பளபளக்கும் பிளாஸ்டிக் மணி கொஞ்சம் கொண்டுவந்தார். யாரும் திட்டவில்லை. எல்லாரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர் மறுநாள்தான் வந்தார். இங்கே கோபத்தின் உச்சம் அதுதான்.

முதல் வருஷம் நான் வானத்தில் தொடங்கி, நீல இதழை மேலிருந்து கீழாக வரிசையாக ஒட்டிக்கொண்டே வந்தேன். என் கைவேகத்தில் எனக்கே பெருமை. எண்பது வயதிருக்கும் ஓர் அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு மணி நேரம் கழித்து, "உன் வீட்டுக் கூரை ஒழுகுமா, டக்?" என்றார். எனக்குப் புரியவில்லை. என் இதழ் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். மேல்வரிசை இதழின் நுனி, கீழ்வரிசைக்கு அடியில் போய்ச் செருகியிருந்தது. மழை பெய்தால் தண்ணீர் நேரே மண்ணுக்குள் போகும். ஓடு வேய்கிற மாதிரி கீழிருந்து மேலே போக வேண்டும், மேல்வரிசை கீழ்வரிசையை மூட வேண்டும். அத்தனையையும் உரித்து மறுபடி ஒட்டினோம். அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், பாதி வானத்தை முடித்துக் கொடுத்தார். போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் உட்காருகிற முக்காலியை இந்த முறை யாரும் இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. நானும் நின்றுகொண்டேதான் ஒட்டினேன், இடுப்பு பிடித்தது அதனால்தான்.

இந்த வருஷம் எங்கள் பலகைக்குப் படம், கிணற்றடியில் சமாரியப் பெண். பெரும்பாலும் பைபிள் காட்சிதான் வைப்பார்கள். வரைந்தவர் கெட்டிக்காரர், முகமெல்லாம் அத்தனை அழகு. ஆனால் அந்தப் பெண் இடுப்பில் நிறைகுடத்தை வைத்துக்கொண்டு கம்பம் மாதிரி நிமிர்ந்து நிற்கிறாள்! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "குடத்தில் தண்ணீர் இல்லை" என்றேன். "இருக்கிறதே, தளும்புகிறதே" என்று காட்டினார். கழுவும் தொட்டியிலிருந்த வாளியை எடுத்து, தண்ணீர் நிரப்பி, இடுப்பில் வைத்து நடந்து காட்டினேன். இடுப்பு ஒரு பக்கம் ஒடியும், எதிர்க்கை தன்னால் விலகும், கழுத்து மறுபக்கம் சாயும். பன்னிரண்டு வயதில் பழகினது, அறுபத்து மூன்றிலும் உடம்பு மறக்கவில்லை பார். பாதித் தண்ணீர் என் மேல்தான். எல்லாரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. "அப்படியே நில்லுங்கள்" என்று சொல்லிப் பென்சிலை எடுத்தார். சமாரியப் பெண்ணுக்கு இப்போது என் இடுப்பு. இவரிடம் சொன்னேன், "அவ்வளவு களிமண் எங்கே கிடைத்தது?" என்கிறார்.

வெள்ளி ராத்திரி பலகையைத் தூக்கி நிறுத்தினோம். ஈரமண்ணோடு அதன் கனத்தை என்ன சொல்ல, தேர் நிலையை விட்டுக் கிளம்புகிற மாதிரி ஆளாளுக்குக் கத்தினார்கள். சனிக்கிழமை பாதிரியார் ஒவ்வொரு அலங்காரமாகப் போய் ஜெபம் சொல்ல, பின்னால் பேண்டு வாத்தியம், அதன் பின்னால் நாய்களும் நாங்களும். பாதியில் மழை. குடை விரித்தபடியே பாடினார்கள், ஒருவர்கூட ஒதுங்கவில்லை. என் வானத்தில் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை, போய்த் தடவிப் பார்த்தேன்.

ஒரு வாரம்தான் ஆயுசு. நாலாம் நாள் ஹைட்ரேஞ்சியா பழுப்பேறும், அப்புறம் களிமண் ஓரத்தில் வெடிக்கும். பிறகு எல்லாவற்றையும் சுரண்டிப் போட்டு, பலகையைக் கழுவி ஏறக்கட்டிவிடுவார்கள். அதைப் பற்றி யாருக்கும் வருத்தமில்லை. வருத்தம் வேறு. என் வரிசையில் ஒட்டியவர்களில் அறுபதுக்குக் கீழே இரண்டு பேர்தான். இந்தப் பக்கத்து ஊர்களில் வீடுகளை வெளியூர்ப் பணக்காரர்கள் வாங்கி விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறார்கள். சனிக்கிழமை வந்து வெள்ளிக்கிழமை போகிறவர்கள் அலங்காரத்தைப் படம் பிடிக்கலாம், இதழ் ஒட்ட முடியுமா? இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இங்கே வீடு வாங்கக் காசில்லை. நம் தெருவிலும் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது என்று நீ எழுதியிருந்தாய். அங்கே ஆளில்லாமல் பூட்டு, இங்கே விலை ஏறிப் பூட்டு.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டதற்குப் பலன், அடுத்த வருஷம் ஒரு பலகைக்குப் படம் நானே யோசித்துத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீர் சம்பந்தமாக என்னவானாலும் சரியாம். எனக்கு நம் ஊருணிதான் ஞாபகம் வந்தது. கரையில் காவல்காரர் கம்பை ஊன்றி உட்கார்ந்திருக்க, கால் நனைத்தால் அடி விழும் என்று பயந்து பயந்து நாம் கடைசிப் படியில் குந்தி மொள்ளுவோமே, அது. தாளில் போட்டுப் பார்த்தேன். படித்துறை சரியாக வரவில்லை. பதினொரு படி என்று ஒரு கணக்கு, பதின்மூன்று என்று ஒரு கணக்கு. அரசமரம் வடக்குக் கரையிலா, நாம் ஏறி வருகிற பக்கமா? அதுவும் குழப்பம்.

முழங்கால் வலியோடு உன்னை அலைய விடுகிறேன் என்று திட்டாதே. சாயங்காலம் வெயில் தாழ ஒரு நடை போய்ப் பார்த்து எழுது. தண்ணீருக்குள் முங்கியிருக்கிற படிகளையும் சேர்த்துச் சொல், கோடையில் நீ பார்த்திருப்பாய். படியின் கல் என்ன நிறத்தில் இருக்கிறது என்றும் எழுது. அதற்கு இங்கே என்ன பாசி கிடைக்கும் என்று இப்போதிருந்தே தேட வேண்டும்.

உன்
பழைய பெஞ்சுக்காரி